மச்சானின் குரல், ஆறு பிரதிகள்

பயணிகளின் கனிவான கவனத்திற்கு! சக்கரம், அச்சு இயந்திரம், அம்மை ஊசி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனிதகுல வரலாற்றில் இடம்பெறப்போகும் நிகழ்ச்சி ஒன்று, இன்று பிற்பகல், ஒரு வாடகை வீட்டில், துணி துவைக்கும் மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் இடையில் நடைபெறவிருக்கிறது. ஒரு கோப்பு இன்னொரு கோப்பாக மாற்றப்படும். சம்பந்தப்பட்டவர்கள் அவரவர் நாற்காலியில் அமர்ந்து, தேவையில்லாத கேள்விகளைத் தவிர்த்து, வரலாற்றுக்கு வழிவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

அறிவிப்பைச் செய்தவர் மாப்பிள்ளை. பேரைக் கேட்டு இளவட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். முன்நெற்றி பின்கழுத்துவரை போய்விட்டது. மனைவியின் அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பேரே நிலைத்துவிட்டது. மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். குடும்பத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் அவர்தான் என்பதால், அதற்குப் பின்னால் உலகத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது நடந்தாலும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடந்திருக்கலாம் என்பது அவர் அபிப்பிராயம். துவைக்கும் மெஷின் இருந்த அந்த மூலைக்கு அவர் வைத்த பெயர் ‘சிஸ்டம் ரூம்’. மெஷின் சுழலும்போது சிஸ்டமும் கூடவே நடுங்கும்.

அவருடைய மனைவி, பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள். நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியதால் யார் எவ்வளவு பெரிதாக வாயைத் திறந்தாலும் அசருவதில்லை.

மூன்றாவது நாற்காலியில் அவளுடைய அண்ணன். பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். அதாவது அறிவிப்பாளராக இருந்தவர். தனிக்கட்டை. கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி, அதற்குக் கீழே ஒரு துளை, மடியில் அழித்து அழித்து எழுதும் பிளாஸ்டிக் பலகை ஒன்று. ஆபரேஷன் முடிந்து தங்கையின் வீட்டுக்கு வந்தவர். தொண்டையில் வளர்ந்த கட்டியோடு சேர்த்து குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இருபது மேடை, ஹாரன் சத்தம், கைக்குழந்தை, கண்டக்டர்களின் சண்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஏறி “ஏழாம் மேடையிலிருந்து புறப்பட வேண்டிய வண்டி...” என்று அவர் ஆரம்பித்தால், புறப்பட்டுப் போன வண்டிகூடத் திரும்பிப் பார்க்கும். பஞ்சராகி நடுவழியில் நின்ற வண்டியை ஏதோ மன்னர் ஓய்வெடுக்கிறார் என்பதுபோல் அறிவிப்பார். “தாமதத்திற்கு வருந்துகிறோம்” என்று அவர் சொல்லும்போது, யாரோ செய்த தப்புக்கு இந்த மனிதர் இவ்வளவு வருந்துகிறாரே என்று ஜனங்கள் அவருக்காக வருந்துவார்கள்.

பிறகு நிலையத்தார் ஒரு இயந்திரத்தை வாங்கினார்கள். அதில் ஒரு பெண் குரல். வார்த்தை வார்த்தையாக வெட்டி ஒட்டிய குரல். அறிவிப்பாளரைத் தொலைந்த பொருள் கவுண்டருக்கு மாற்றினார்கள். குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் யாரோ மறந்துபோன ஒரு பல் செட்டுக்கும் காவல். தலைக்கு மேலே ஸ்பீக்கரில் நாள் முழுக்க அந்தப் பெண். அவர் அவளைப் பெயர் சொல்லிக்கூட ஏசியதில்லை. ‘அந்தம்மா’ என்பார்.

“அந்தம்மா மூச்சே விடுறதில்ல மாப்ள. மூச்சு விடாம பேசுறவங்கள நம்பவே கூடாது.”

இனி ஆபரேஷனுக்கு முந்தைய காட்சி. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் மேடம் ஒரு நல்ல செய்தி சொன்னார். கையடக்கமான ஒரு பேச்சுக் கருவி இருக்கிறது; தட்டெழுதினால் அது பேசும். நோயாளியின் பழைய குரல் ஒரு அரைமணி நேரமாவது பதிவில் இருந்தால் போதும், கருவி அந்தக் குரலிலேயே பேசும்படி செய்துவிடலாம்.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். “அரைமணி நேரமா? மேடம், என்கிட்ட மூணு மணி நேரம் இருக்கு. முழுசா. ஆறு காப்பி.”

“அப்ப ரொம்ப நல்லது சார். இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னாடி இங்கயும் கொஞ்சம் பேசிப் பதிவு பண்ணிக்கலாமே?”

அறிவிப்பாளருக்கு அப்போதே குரல் பாதி கரகரத்துப் போயிருந்தது. “இந்தத் தகர டப்பா சத்தத்தையா? வேணாம்மா. அசல் மாப்ளகிட்ட இருக்கு” என்றார். அவர் கடைசியாகப் பேசிய வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது? பல வருஷங்களுக்கு முந்தைய ஒரு மாலை. மாப்பிள்ளை அப்போதுதான் ஒரு மின்சார இசைப்பெட்டி வாங்கியிருந்தார். பியானோ மாதிரிக் கட்டைகள், பக்கவாட்டில் மைக் செருக ஒரு ஓட்டை, பின்னாலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் தடித்த ஒயர். மச்சான் மைக்கைப் பிடித்தார். மாப்பிள்ளை மூன்றே விரலால் வாசித்தார். இசைக்கு நடுவே மச்சான் குடும்பத்தையே பேருந்து நிலையமாக்கினார். “சமையலறையிலிருந்து புறப்பட்ட தங்கச்சி, டீ டம்ளர்களுடன், இன்னும் சற்று நேரத்தில் ஒன்றாம் மேடையை வந்தடையும்!” வீடே குலுங்கியது. குரல் பெட்டிக்குள் போனது. பெட்டியிலிருந்து ஒயர் கம்ப்யூட்டருக்குப் போனது. ஆகவே குரலும் கம்ப்யூட்டருக்குப் போனது. மீட்டர் பரிசோதகரின் தர்க்கம். மின்சாரம் அப்படித்தான் போகும்.

பதிவை அன்றைக்கே போட்டுப் பார்த்தார்கள். பிரமாதமாக இருந்தது. அதற்குப் பிறகும் விருந்தாளிகள் வந்தபோதெல்லாம் போட்டார்கள். எப்போதும் பிரமாதம். கோப்பின் சின்ன அளவைக் காட்டி மாப்பிள்ளை பெருமைப்படுவார். “மூணு மணி நேரம்! ஒரு போட்டோ அளவுகூட இல்ல! என்ன சுருக்கம் பாருங்க!” கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, இரண்டு சிடி, ஒரு பென் டிரைவ், அந்தப் பென் டிரைவ் தொலைந்தால் என்ன செய்வது என்று மருந்து டப்பாவுக்குள் இன்னொரு பென் டிரைவ். இசைப்பெட்டி பழுதாகி எடைக்குப் போனது. கோப்பு மட்டும் சாகாவரம் பெற்று ஆறு இடத்தில் இருந்தது.

அந்தக் கோப்பைத்தான் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை மேடம் போன் செய்தார்.

“சார், நீங்க அனுப்பினது மிடி கோப்பு. என்கிட்ட திறக்க மாட்டேங்குது. ஆடியோவா மாத்திக் குடுத்துடுங்க. திங்கக்கிழமை காலையில கம்பெனி ஆள் வர்றார். அன்னிக்கே குரலை ஏத்திடணும். விட்டா அவர் மறுபடி எப்ப வருவார்னு எனக்கே தெரியாது.”

“இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்?” என்றார் மாப்பிள்ளை.

இதுவே அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியின் வரலாற்றுப் பின்னணி.

இணையத்திலிருந்து இறக்கிய இலவச மென்பொருள் ஒன்று திரையில் இருந்தது. மாப்பிள்ளை கோப்பைத் தேர்ந்தெடுத்தார். விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, “மாத்து” என்று எழுதியிருந்த பொத்தானை, அணை திறக்கும் அமைச்சரைப்போல் அழுத்தினார். பச்சைப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது.

“துணி போடணும், மெஷினை ஓட்டலாமா?” என்றாள் மனைவி.

“சரித்திரம் நடக்குது, உனக்கு துணி!”

“சரித்திரம் முடிஞ்சதும் சொல்லுங்க. நாளைக்குப் போட்டுக்க உங்களுக்குச் சட்டை இல்ல.”

மாற்றம் வெற்றிகரமாக முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொன்னது. மாப்பிள்ளை ஒலியைக் கூட்டினார்.

கட்டைச் சத்தம் வந்தது. மூன்று விரல், முதல் வரியிலேயே தெரிந்த அந்தத் தப்பு, தப்பைத் திருத்தப்போய்ச் செய்த இன்னொரு தப்பு. அறிவிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னிசை முடிந்து குரல் வர வேண்டிய இடம் வந்தது. கட்டைச் சத்தம் மரியாதையாக ஒதுங்கி நின்றது. அறிவிப்பாளரின் கை தானாக உயர்ந்தது, மார்பு விரிந்தது, வாய் திறந்தது.

கழுத்துத் துணி ஒருமுறை உப்பி அடங்கியது. வேறு சத்தம் இல்லை.

மறுபடி கட்டைச் சத்தம். மறுபடி ஒதுங்கல். மறுபடி அவர் வாய் திறந்தது, பழக்கதோஷத்தில். தங்கை கோப்பைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை; அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே” என்றாள் மெதுவாக. “ஒவ்வொரு தடவை போடும்போதும் நீங்கதானே கூடவே பேசிட்டு இருந்தீங்க?”

பாட்டு ஓடும்போது சும்மா இருக்கிற ரகம் அல்ல அவர். அது எல்லோருக்கும் தெரியும். தன் குரலே ஓடுவதாக நினைத்தால் கேட்கவே வேண்டாம், போட்டிக்கு நின்றுவிடுவார். அவர் இல்லாமல் அந்தக் கோப்பை யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“உளறாதே” என்றார் மாப்பிள்ளை. “இது முதல் கட்டம். இசை மேல்தட்டுல இருக்கும், குரல் அடித்தட்டுல இருக்கும். அடித்தட்டு இன்னும் விரியல. அவ்வளவுதான்.”

“இத்தனூண்டு கோப்புல அடித்தட்டு வேற இருக்கா?”

“உனக்குச் சொன்னா புரியாது.”

அவருக்கே புரியாத ஒரு விஷயத்தை மனைவிக்குப் புரியாது என்று சொல்லிவிட்டால், அந்த விஷயத்துக்கே ஒரு ஆழம் வந்துவிடுகிறது. பல குடும்பங்கள் இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. அறிவிப்பாளர் பலகையில் எழுதிக் காட்டினார்: ‘அடுத்த அறிவிப்பு எப்போது?’

“சாயந்திரம் மச்சான். சாயந்திரத்துக்குள்ள கொண்டாந்துடுறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினார். தரம் போதவில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. மிடியை ஆடியோவாக்குவதற்கு, ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் சேர்த்துக் கட்டிய ஒரு ஒலிமூட்டை தேவைப்படும் என்று மென்பொருளின் உதவிப் பக்கம் சொன்னது. சின்ன மூட்டை போதாது, பெரிய மூட்டையை இறக்கினார். கட்டைச் சத்தம் இன்னும் கணீரென்று வந்தது. அதைவிடப் பெரியதை இறக்கினார். அரங்கத்தில் வாசித்த மாதிரி வந்தது, தப்புகள்கூட அரங்கேறின. மேசை ஓரமாக வைத்த டீ ஆடை கட்டிப் போயிற்று. கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துப் பார்த்தார். குரல் வர வேண்டிய இடங்களில் அவருடைய இதயம் அடிப்பது மட்டும் கேட்டது.

அப்போதுதான் வாத்தியப் பட்டியல் கண்ணில் பட்டது. பியானோ, கிட்டார், வயலின், எக்காளம் என்று கீழே போய்க்கொண்டே இருந்த பட்டியலின் நடுவில் ஒரு வரி: மனிதக் குரல்.

மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவ்வளவுதானா! குரல் உள்ளேதான் இருந்திருக்கிறது, தாம் பியானோ வழியாகக் கேட்டதுதான் தப்பு! கதவைத் திறந்து, “வாங்க வாங்க, எல்லாரும் வாங்க!” என்று கத்தினார். தங்கை கையில் ஈரத் துணியோடு ஓடிவந்தாள். அறிவிப்பாளர் பலகையை விட்டுவிட்டே வந்துவிட்டார்.

பொத்தானை அழுத்தினார்.

“ஆ...” என்றது கம்ப்யூட்டர். “ஆ, ஆ, ஆ... ஆ.”

யாரோ பல பேர் சேர்ந்து ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்ற சத்தம். மாப்பிள்ளையின் மூன்று விரல் எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் ஓர் ‘ஆ’. தப்பு செய்த இடத்தில் கூட்டமாகத் தப்பு செய்தார்கள். மச்சான் குரல் வர வேண்டிய இடம் வந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

தங்கை கொஞ்ச நேரம் கேட்டாள். “எங்க ஆஸ்பத்திரியில வேர் பிடுங்கும்போது இப்படித்தான் இருக்கும்” என்றாள். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும், தான் சொன்னதற்கு வருத்தப்பட்டவளாக ஈரத் துணியை உதறினாள். உதறுவதற்கு அது இடமும் இல்லை. கம்ப்யூட்டர் மேல் நாலு சொட்டு விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டை இரண்டாக்கியிருப்பார். அன்று துடைக்கக்கூட இல்லை.

அவர்கள் போன பிறகு உதவிப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தார். பொத்தானைப் பற்றிய பத்தியை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தைத் தமக்குத் தெரிந்ததாக வைத்துக்கொள்வது அவர் வழக்கம். மிச்சத்தில் முதல் வாக்கியமே இதுதான்: மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும். குறிப்பைப் பார்த்துக் கம்ப்யூட்டர் புதிதாக வாசிக்கிறது. அப்படியானால், மைக்கில் போன மச்சானின் குரல் இசைப்பெட்டியின் ஸ்பீக்கர் வழியாக வெளியே போய், கூடத்தில் நாலு சுவரில் மோதி, அன்றைக்கே தீர்ந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குப் போன ஒயரில் அது ஒரு நொடிகூட ஏறவில்லை.

ஆக, மச்சானின் குரலைப் பாதுகாப்பதாக எண்ணி மாப்பிள்ளை இத்தனை வருஷமும் பாதுகாத்தது தம் சொந்தத் தப்புகளை. குரலோ, ஆறு இடங்களில் பத்திரமாக இல்லாமல் இருந்தது.

மாப்பிள்ளை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ‘அசல் மாப்ளகிட்ட இருக்கு’ என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. இன்னொன்றும் உறைத்தது: அந்த வார்த்தைகளையாவது அன்றைக்கு மேடம் பதிவு செய்திருப்பார். வேண்டாம் என்று சொல்லவைத்தது யார்? மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். “என்னங்க, ஆச்சா?” என்றாள். “தொண்ணூறு சதவீதம்” என்றார். அது அவருடைய அலுவலகத்தில் ஆரம்பிக்காத வேலைகளுக்குச் சொல்லும் கணக்கு.

முங்கப் போகிறவன் துரும்பைப் பிடிப்பான் என்பார்கள். மாப்பிள்ளை பிடித்தது குளியலறைக் கதவு. ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் செல்போனோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குளியலறையில் எந்தக் குரலும் பெரிதாகும் என்பது பாடத்தெரியாத எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மச்சானின் பாணி தமக்கு அத்துப்படி. பேசிப் பதிந்து, அதைக் கட்டைச் சத்தத்தோடு கலந்து மேடத்திடம் கொடுத்துவிட்டால்? கருவி ஏறக்குறைய மச்சானாகப் பேசும். முக்கால் மச்சானாகவாவது. இந்த அளவுக்கு ஒரு மனிதன் யோசிக்கிறான் என்றால் அவனை அயோக்கியன் என்று சொல்ல முடியாது. அந்த நிலைமையில் அவனுக்கு வேறு கதவு தெரியவில்லை, அவ்வளவுதான்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு!” என்றார் வாளியைப் பார்த்து. “ஏழாம் மேடையிலிருந்து புறப்பட வேண்டிய வண்டி சற்று தாமதமாகப் புறப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம் பயணிகள் பொறுமை காக்குமாறு...”

குழந்தைகள் விளையாட்டில் பேசுகிற பூதத்தின் குரல். அழித்தார். மறுபடி சொன்னார். தொண்டையை இறுக்கினார், நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னார். எத்தனையாவது ஏழாம் மேடை என்று அவருக்கே தெரியாதபோது கதவு தட்டப்பட்டது. தட்டல் அல்ல, பிளாஸ்டிக் பலகையால் அடித்த சத்தம்.

திறந்தார். மச்சான் நின்றுகொண்டிருந்தார். பலகையில் எழுதியிருந்தது: ‘நடுவில் மூச்சு விடு.’

மாப்பிள்ளையின் கையில் செல்போன் இன்னும் பதிந்துகொண்டிருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தார். பிறகு பதிவை நிறுத்தினார்.

“இல்ல மச்சான்” என்றார் கடைசியில். “உள்ள எதுவும் இல்ல. ஒண்ணுகூட இல்ல. நான் வாசிச்சது மட்டும்தான் இருக்கு.”

அறிவிப்பாளர் பலகையில் எழுதினார். சட்டை நுனியால் அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். திட்டப் போகிறார் என்று மாப்பிள்ளை காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. நான்காவதோ ஐந்தாவதோ முறை எழுதியதைத் திருப்பிக் காட்டினார்.

‘தாமதத்திற்கு வருந்துகிறோம்.’

குளியலறை வாசலில், ஈரத் தரையில், மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார்.

மனைவிதான் அவரை எழுப்பினாள். “அழுறதுக்கு திங்கக்கிழமை சாயந்திரம் நேரம் இருக்கு. இப்ப தேடுங்க” என்றாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் செய்தாள். “அண்ணன் பேசின வீடியோ ஏதாவது? வாய்ஸ் மெசேஜ்? எதுவா இருந்தாலும் பரவால்ல.” ஆனால் அறிவிப்பாளர் செல்போனை மதித்ததே இல்லை, “தீப்பெட்டிக்குள்ள என் குரல் அடங்காது” என்று சொல்லி நேரில் வந்து பேசிவிட்டுப் போகிறவர். நிலையத்தைக் கேட்டாள், நேரடியாக மைக்கில் பேசியதை யார் பதிவு செய்வார்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கல்யாண வீடியோக்களில் அவர் பந்தலே அதிரப் பேசிக்கொண்டிருந்தார். அத்தனையின் மேலும் ஸ்டூடியோக்காரர் பாட்டுப் போட்டிருந்தார். வாயசைவு மட்டும் மிச்சம். சிஸ்டம் ரூமில் மூவரும் உட்கார்ந்து, சத்தமில்லாத அந்த வாய் வேறு யாரோ பாடுவதற்கு ஏற்ப அசைவதை, சிடி மாற்றிச் சிடி பார்த்தார்கள்.

சாயங்காலம் அவளுடைய போனிலேயே ஒன்று கிடைத்தது. அண்ணனின் தொண்டை கெடுவதற்கு முன்பு, குழாய் ரிப்பேர்க்காரருக்கு அனுப்புவதற்காகத் தொட்டியடியில் ஒழுகும் இடத்தை அவள் எடுத்த வீடியோ. குழாய், சொட்டு, பக்கெட். பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல்:

“கதவைச் சாத்து, காத்து வருது!”

அவ்வளவுதான். ஆனால் அதுதான். ஏழாம் மேடையின் அதே கம்பீரம். கதவும் காற்றும் ஏதோ வெகுதூரத்திலிருந்து வந்துசேரும் வண்டிகள் மாதிரி. அவள் மறுபடி போட்டாள். மறுபடியும். அறிவிப்பாளர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரைக் கேட்பதுபோல் கேட்டார். இந்தமுறை வாயைத் திறக்கவில்லை. பலகையில் எழுதினார்: ‘பின்னணியில் குழாய்ச் சத்தம் அதிகம்.’

திங்கட்கிழமை காலை, மேடம் அதைக் கேட்டார். கம்பெனி ஆள் பக்கத்தில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு வார்த்தைய வச்சு ஒரு குரலைக் கட்ட முடியாது சார்” என்றார் மேடம். “இது மட்டும்தானா? அந்த மூணு மணி நேரம்?”

மாப்பிள்ளை தாம் மாற்றிய ஆடியோவையும் கொண்டுபோயிருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைத்திருக்கலாம். மேடம் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். பாதியில் அதைக் கழற்றினார்.

“யாரு வாசிச்சது?”

“நான்தான்.”

“அங்கங்க நிறுத்தி நிறுத்தி வாசிச்சிருக்கீங்களே, ஏன்?”

“அங்கதான் இவர் பேசுவார். பேசி முடிக்கட்டும்னு நிப்பேன்.” மாப்பிள்ளை மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சில இடத்துல சிரிப்பு அடங்கட்டும்னு நின்னிருப்பேன். அதெல்லாம் அப்படியே கரெக்டா இருக்கு மேடம். எவ்வளவு நேரம் பேசினார், எங்க மூச்சு விட்டார், எல்லாம் இருக்கு. அவர் மட்டும்தான் இல்ல.”

“அந்த இடைவெளியை இதுல ஏத்த முடியாது சார்” என்றார் கம்பெனி ஆள். இரக்கமில்லாமல் சொல்லவில்லை, தொழில்நுட்ப ரீதியாகச் சொன்னார்.

கருவியில் ஏற்கெனவே இருக்கும் குரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். மூன்று இருந்தன. முதலாவது, பற்பசை விற்கிற இளைஞன் குரல். இரண்டாவது, துக்கம் விசாரிக்க வந்து துக்க வீட்டையே தவறவிட்ட ஒரு பெரியவரின் குரல். மூன்றாவது பொத்தானை அழுத்தியதும், “வணக்கம். நான். உங்கள். குரல்” என்றது.

மூவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“மச்சான்!” என்றார் மாப்பிள்ளை. “அந்தம்மா!”

அந்தம்மாவேதான். பேருந்து நிலையத்தின் அந்தம்மா. எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனிக்கு விற்றதோ, மூச்சு விடாமல் இங்கேயும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“வேற இல்லீங்களா?” என்றாள் தங்கை. “ஆம்பளக் குரலா, கொஞ்சம் கனமா?”

“அடுத்த வருஷம் வரலாம்.”

அறிவிப்பாளர் மூன்றையும் மறுபடி கேட்டார். பிறகு விரலை நீட்டி மூன்றாவதை அழுத்தினார்.

“மச்சான், யோசிச்சுப் பண்ணுங்க. உங்க வேலையப் பறிச்சவ அவ!”

அறிவிப்பாளர் பலகையை எடுத்தார். ‘இந்த மூன்று பேரில் வேலை தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.’

வீட்டுக்குத் திரும்பியதும் கூடத்து மேசைமேல் கருவியை வைத்தார்கள். பெட்டியைப் பிரிக்க, கம்பியைச் செருக, பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பிறகு எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். மன்னித்தேன் என்று வரலாம். உருப்படவே மாட்டாய் என்று வரலாம். எது வந்தாலும், அந்தக் கருவி முதன்முதலில் பேசப்போவது தம்மைப் பற்றித்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு அடி வாங்கியும் அந்த ஒரு நம்பிக்கை மட்டும் நசுங்காமல் இருந்தது.

அறிவிப்பாளர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். கடைசியாகப் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

“கதவைச். சாத்து. காத்து. வருது” என்றாள் அந்தம்மா.

மாப்பிள்ளை பதறியடித்து எழுந்து ஓடினார்.

கதவு சாத்தித்தான் இருந்தது.